படைவீடும் குடிவீடும்

படைகள் தங்கும் இடத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் பாடிவீடு, படைவீடு என்பன பழமையானவை. முருகப்பெருமான் எழுந்தருளியிருக்கும் ஆறு தலங்களையும் படைவீடுகள் என்றே அடியார் போற்றுவர். முல்லைப்பாட்டிலே, அரசன் காட்டில் அமைத்த பாசறையின் தோற்றமும், அவன் வரவை எதிர்நோக்கி மனையில் ஆற்றியிருக்கும் தலைவியின் நிலையும் ஒன்றற்கொன்று எதிராக வைத்துக் காட்டப்படுகின்றன. பாசறை வேறு, மனை வேறு. போர் முடிந்தால் பாசறை கலையும். வீரன் மனை புகுவான். திரும்பி வந்த வீரனுக்குப் புகுவதற்கு மனையில்லை, அவன் விட்டு வந்த பாசறையோ ஆளற்றுக் கிடக்கின்றது என்றால் யாது நிகழும்? 1946ஆம் ஆண்டின் கோடையிலே பிரித்தானிய மக்கள் இவ்வினாவை நேரிற் சந்தித்தனர். அதற்கு விடை கண்டவர் மந்திரிமாரோ நகரசபையாரோ அல்லர், வீடற்றிருந்த குடும்பத்தினரே.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானியத் தீவு ஒரு பெரும் பாசறையாகவே மாறியிருந்தது எனலாம். 1944ஆம் ஆண்டு வைகாசி மாதமளவில் அமெரிக்கப் படையினர் மாத்திரம் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் அங்குத் தங்கியிருந்தனர். அவர்களுக்கும், நாட்டின் சொந்தப் படையினர்க்கும், கனடா, போலந்து முதலிய நாடுகளிலிருந்து வந்தோர்க்கும் இடம் வேண்டியிருந்தது. விமானத்தளங்கள் நூற்றுக்கணக்கில் அமைக்கப்பட்டன. நகரங்களின் ஓரங்களிலே விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான தளங்கள் எழுந்தன. பிரபுக்களின் பூங்காக்களும் உழவரின் வயல்களும் யுத்தகால அவசர விதிகளின்படி கையேற்கப்பட்டன. இக்கையேற்பின் இயல்பை ஈண்டு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பெரும்பாலான இடங்களில் அரசாங்கம் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை எடுத்ததேயன்றி, நிலத்தின் உடைமையை எடுக்கவில்லை. யுத்தத் தேவை தீர்ந்ததும் நிலம் உடையவரிடமே மீள வேண்டும். பின்னர் விளைந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இதுவே.

இந்நிலங்களில் நின்ற கட்டடங்களுட் பெரும்பாலானவை நிசென் கொட்டில்கள் எனப்படுபவை. 1916ஆம் ஆண்டிலே, முதலாம் உலக யுத்தத்தின்போது, பீற்றர் நிசென் என்னும் படைப் பொறியியலாளர் வகுத்த அமைப்பு அது. நெளிதகரத்தை அரைவட்டமாக வளைத்து, நிலத்திற் கவிழ்த்துவைத்த பீப்பாயின் பாதி போல நிறுத்தி, இரு முனைகளையும் சுவரிட்டு அடைத்துவிட்டாற் கொட்டில் முடிந்தது. சில ஆட்கள் சேர்ந்து சில மணி நேரத்தில் அதனை எழுப்பிவிடலாம். நடுவில் ஓர் இரும்படுப்பு இருக்கும். கோடையில் வெந்து மாரியில் உறையும் அக்கொட்டிலைப் படைவீரரே வெறுத்தனர். அதனை விரும்பித் தேடி ஓடும் மக்கள் ஒரு காலத்தில் இருப்பர் என்று அதனை அமைத்தவர் எண்ணியிருக்கமாட்டார்.

அத்தகைய காலத்தைக் கொணர்ந்தது வீட்டுப் பஞ்சமாகும். ஜெர்மனியரின் குண்டுவீச்சினால் நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தோ குடியிருக்க ஏலாதனவாகியோ போயின. சேதமடைந்து ஒருவாறு ஒட்டுப்போட்டு நின்றவை இவற்றினும் பன்மடங்கு. 1939ஆம் ஆண்டு தொடக்கம் ஆறு வருடங்களாக வீடு கட்டும் தொழில் ஏறக்குறைய நின்றேபோயிற்று. கொத்தரும் தச்சரும் படையிலோ படைத்தொழிற்சாலைகளிலோ இருந்தனர். மரம், செங்கல், சீமெந்து யாவும் யுத்தத்துக்கே சென்றன. அதே வேளையில் இளைஞர் மணம் புரிந்தனர், பிள்ளைகள் பிறந்தனர். 1945ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே படைவிலக்கம் தொடங்கியது. 1946ஆம் ஆண்டு முடிவதற்குள் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் படையினின்றும் நீங்கினர். ஐந்தாறு ஆண்டுகள் பாலைவனத்திலும் கப்பலிலும் பர்மாக் காடுகளிலும் கழித்து மீண்ட ஒருவன், தன் மனைவியும் பிள்ளையும் மாமியார் வீட்டின் ஓர் அறையில் ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டான். வாடகை அறைக்குச் சென்றால் பிள்ளை உள்ள குடும்பத்தை ஏற்கமாட்டோம் என்றனர். நகரசபையில் விண்ணப்பித்தாற் பெயர் ஒரு நீண்ட இடாப்பில் ஏறியது, அவ்வளவே.

1945ஆம் ஆண்டு ஆடியிற் பதவியேற்ற தொழிற்கட்சி அரசாங்கம் இவ்விடயத்தில் அக்கறையற்றிருந்தது என்று சொல்லுதல் நீதியன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடமைப்பு அக்காலத்திற் சுகாதார மந்திரியின் பொறுப்பில் இருந்தது. அம்மந்திரி அனூரின் பெவன், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். தாமும் இளமையிற் சுரங்கத்தில் உழைத்தவர். தொழிலாளிக்குக் கட்டப்படும் வீடு சிறியதாகவும் மலிந்ததாகவும் இருக்கலாம் என்னும் கொள்கையை அவர் ஏற்கவில்லை. நகரசபைகள் கட்டும் வீட்டின் பரப்பை 900 சதுர அடியாக உயர்த்தினார். ஓரிரு ஆண்டுகளுக்குத் தம்மை வீடுகளின் தொகை கொண்டு மதிப்பர், பத்தாண்டுகளின் பின் அவற்றின் தரம் கொண்டே மதிப்பர் என்பது அவர் கருத்து. அதனாலேயே படைக் கொட்டில்களை வீடாக்கும் யோசனை அவருக்கு உவப்பளிக்கவில்லை. கொட்டிலைத் திருத்தச் செலவிடும் பலகையும் ஆளும் நிலையான வீட்டுக்கு உதவக்கூடியவை அல்லவா? இவ்வாதம் வலியற்றதன்று. ஆயின் 1946ஆம் ஆண்டு முழுவதிலும் கட்டிமுடிந்த நிலையான வீடுகள் ஏறத்தாழ 55,400 மட்டுமே. 1947இல் அத்தொகை 1,39,690 ஆகவும், 1948இல் 2,27,616 ஆகவும் உயர்ந்தது மெய்யே. எனினும் 1948ஆம் ஆண்டின் வீடு 1946ஆம் ஆண்டின் மழையைத் தடுக்கவில்லை.

சட்டத்தைக் கடந்து வீட்டினுள் நுழையும் எண்ணம் முதன்முதல் எழுந்தது பாசறைகளைக் குறித்தன்று. 1945ஆம் ஆண்டுக் கோடையிலே, பிறைற்றன் என்னும் கடற்கரைப் பட்டினத்தில், முன்னாட் படைவீரர் சிலர் ஒரு குழுவாகக் கூடினர். கோடை விருந்தினருக்கு உயர்ந்த வாடகைக்கு விடுவதற்காகப் பூட்டி வைக்கப்பட்டிருந்த வீடுகளில் வீடற்ற குடும்பங்களை இரவோடிரவாகக் குடியேற்றினர். இதன் விளைவாக, வெற்று வீடுகளைக் கையேற்று மக்களைக் குடியிருத்தும் அதிகாரம் உள்ளூர்ச் சபைகளுக்கு விரிவாக்கப்பட்டது. அதிகாரத்தைப் பெற்ற சபைகளுட் பல அதனைப் பயன்படுத்தவில்லை என்பது வேறு விடயம்.

பாசறைக் குடியேற்றத்தின் தொடக்கம் மிக எளிய நிகழ்ச்சி. 1946ஆம் ஆண்டு வைகாசி 8ஆம் திகதி, ஐரோப்பாவில் வெற்றி கிட்டி ஓராண்டு நிறைந்த அதே நாளில், வட இங்கிலாந்தின் இரும்புத் தொழில் நகராகிய ஸ்கன்தோர்ப்பிலே, படமாளிகை ஒன்றிற் படக்காட்சி இயக்கும் தொழிலாளி ஒருவர் தம் குடும்பத்துடன் ஊரின் ஓரத்திலிருந்த விமான எதிர்ப்புத் தளமொன்றிற் புகுந்தார். படை நீங்கிய அத்தளத்தில் உத்தியோகத்தரின் உணவுக்கூடமாக இருந்த கட்டடம் அவர் வீடாயிற்று. எவரையும் எதிர்க்க வேண்டும் என்ற கருத்து அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இருக்க இடம் வேண்டும் என்பதே அவர் எண்ணம். செய்தி பரவியதும் வேறு குடும்பங்கள் அங்கு வந்து சேர்ந்தன. அயலிலிருந்த ஏனைய தளங்களும் நிரம்பின. ஆடி, ஆவணி மாதங்களில் ஷெபீல்ட், மிடில்ஸ்பரோ, பிரிஸ்டல், ஒக்ஸ்போட் எனப் பல நகரங்களின் சுற்றுப்புறங்களிலும் இது தொடர்ந்தது. ஸ்கொத்லாந்தும் விலகி நிற்கவில்லை. பத்திரிகையிலே ஓரூர்ச் செய்தியைப் படித்த குடும்பம், தன் ஊரில் வெறுமையாய்க் கிடக்கும் முகாமை நினைத்துக்கொண்டது. கைவண்டியிலும் பிள்ளை வண்டியிலும் இரவல் லொறியிலும் சட்டிபானைகள் ஏற்றப்பட்டன. கொட்டிலின் கதவிலே சுண்ணக்கட்டியாற் பெயரை எழுதிவிட்டால் அது அக்குடும்பத்தின் மனை என்பது எழுதாச் சட்டமாயிற்று.

1946ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பெவன் வெளியிட்ட கணக்கின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,038 முகாம்களில் 39,535 பேர் இவ்வாறு குடியேறியிருந்தனர். ஐந்து மாதங்களில், தலைவரின்றி, கட்சியின்றி, நிதியின்றி நிகழ்ந்த குடியேற்றம் இது. அரசியற் கட்சிகள் எவையும் இதனைத் தூண்டவில்லை; அவை நிகழ்ச்சியின் பின்னே ஓடிவந்து அதனை விளங்கிக்கொள்ள முயன்றன என்பதே பொருந்தும்.

முகாமினுள் வாழ்க்கை எவ்வாறு அமைந்தது என்பது வரலாற்று மாணவர் சிறப்பாக நோக்க வேண்டிய பகுதியாகும். புகுந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். நீர் எங்கே வருகிறது, மலசல கூடத்தை எவர் துப்புரவு செய்வது, கொதிகலனுக்கு எவர் நெருப்பிடுவது ஆகிய எதற்கும் விதியில்லை. ஆயினும் சில நாட்களுக்குள் ஒவ்வொரு முகாமிலும் ஒரு குழு தெரிவு செய்யப்பட்டது. முறைவைத்து வேலை செய்தனர். படையினரின் பெரிய அடுக்களையிலே பொதுச் சமையல் நடந்தது. சில முகாம்களிற் குழந்தைகளைப் பார்க்கும் இடமும் ஏற்பட்டது. போர்வையையும் பெட்டகத்தையும் நிறுத்தி ஒரே கூடத்தைப் பல அறைகளாகப் பிரித்தனர். கொட்டிலின் முன்னே கிழங்கும் பூஞ்செடியும் நட்டனர். அயற் கிராமத்தார் முதலில் முகஞ்சுளித்தனராயினும், கொள்ளை, கலகம் எதுவும் நிகழாமை கண்டு அமைந்தனர். பொதுமக்களின் பரிவும் பெரும்பாலும் குடியேறியோர் பக்கமே நின்றது. படைவீரனாயிருந்த காலத்தில் அக்கொட்டிலிற் படுத்தெழுந்த ஒருவன் இப்பொழுது மனைவி மக்களோடு அங்கே படுப்பதைக் குற்றமென்று சொல்ல எவர்க்குத்தான் மனம் வரும்?

சட்டமும் அதனைக் குற்றமென்று சொல்லவில்லை. அக்கால ஆங்கிலச் சட்டப்படி, வன்முறையின்றி வெற்று நிலத்திற் புகுந்திருத்தல் உடையவனுக்கும் புகுந்தவனுக்கும் இடையேயான வழக்கேயன்றித் தண்டிக்கத்தக்க குற்றமன்று. நிலம் உடையவர் நீதிமன்றம் சென்று கட்டளை பெற்றே வெளியேற்ற வேண்டும். இங்கே புகப்பட்ட முகாம்களோ அரசாங்கத்தின் கையிலிருந்தன. ஆயிரம் முகாம்களிலிருந்து நாற்பதினாயிரம் மக்களை, அவருள்ளும் முன்னாட் படைவீரரின் குடும்பங்களை, பொலிசாரைக் கொண்டு இழுத்தெறிதல் தொழிற்கட்சி அரசாங்கத்துக்கு இயல்வதன்று. அதிகாரிகள் முதலிற் கடுமை காட்டினர். மின்சாரமும் எரிவாயுவும் அளிக்க வேண்டாம் என்னும் கட்டளையும் பிறந்தது. அது நீடிக்கவில்லை. பல உள்ளூர்ச் சபைகள் தாமே நீர்க்குழாயைத் திறந்துவிட்டன. சில சபைகள் வீடற்றோரை முகாம்களுக்கு வழிகாட்டியும் அனுப்பின. ஈற்றிலே படைத்துறைக்கு வேண்டாத முகாம்களைச் சபைகள் பொறுப்பேற்று, வசதி செய்து கொடுத்து, வாடகை அறவிடலாம் என அரசாங்கம் இணங்கியது. அத்துமீறிக் குடியேறியோர் சபையின் வாடகைக் குடிகளாயினர்.

அரசாங்கத்தின் இவ்விணக்கம் எல்லையுடையது என்பதைப் புரட்டாதி மாத நிகழ்ச்சிகள் காட்டின. 1946ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இலண்டனின் செல்வர் வாழும் பகுதியாகிய கென்சிங்டனிலே, ‘பெட்போட் கோமாட்டி இல்லம்’ என்னும் பெயருடைய மாடிமனைத் தொகுதியில் நூறு குடும்பங்களளவில் ஒருங்கே நுழைந்தன. யுத்தகாலத்தில் அரசாங்கம் கையேற்றிருந்த அத்தொகுதியை வீடற்றோருக்குப் பயன்படுத்துமாறு உள்ளூர்ச் சபைக்கு அளிக்க முன்வந்தபோது அச்சபை வேண்டாமென்றது. அதனால் அது உடையவரான காப்புறுதிக் கம்பனியிடம் மீளவிருந்தது. தொடர்ந்து வேறு சில மாடிமனைகளும் ஒரு ஹொட்டேலும் புகப்பட்டன. சுமார் 1,500 பேர் இவற்றிற் பங்குகொண்டனர். இம்முறை நிகழ்ச்சியை ஒழுங்குசெய்தவர் இலண்டன் கொம்யூனிஸ்ட் கட்சியினர்.

பாசறைகளிற் பணிந்த அரசாங்கம் மாடிமனைகளின் வாயிலில் நிமிர்ந்து நின்றது. வெற்றுக் கட்டடங்களுக்குப் பொலிஸ் காவல் இடப்பட்டது. சில கட்டடங்களைச் சுற்றி வேலியாக நின்ற பொலிசாரின் தலைக்கு மேலாக உணவும் போர்வையும் உள்ளே எறியப்பட்டன. கொம்யூனிஸ்டுத் தலைவர் ஐவர் கைதுசெய்யப்பட்டு, அத்துமீறுவதற்குச் சதிசெய்தனர் என்று குற்றஞ் சாட்டப்பட்டனர். புகுதல் குற்றமன்று, புகுவதற்குக் கூடிப் பேசியதே குற்றமாயிற்று! நீதிமன்றக் கட்டளை பெறப்பட்டதும் செப்ரெம்பர் 20ஆம் திகதி குடும்பங்கள் தாமாகவே வெளியேறி, இலண்டன் மாநகரசபை அளித்த விடுதிக்குச் சென்றன. தலைவர் ஐவரும் பின்னர் நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டனர்.

இரண்டையும் ஒப்பிட்ட அக்காலப் பத்திரிகைகளுட் சில, முகாமிற் புகுந்தோர் ஏழைகள், மாடியிற் புகுந்தோர் கட்சியின் கருவிகள் என்று வேறுபாடு கற்பித்தன. இது மேலோட்டமான பார்வை. மாடியிற் புகுந்தவரும் பிள்ளைகுட்டிகளோடு ஓரறையில் அடைந்து கிடந்தவர்களே. அவர் பெயர்களும் அதே இடாப்பில் இருந்தன. வேறுபாடு மக்களிடத்தில் அன்று, கட்டடத்தின் உடைமையிலே கிடந்தது. பாசறை அரசாங்கத்துக்கு வேண்டாத பொருள். அதனை விட்டுக்கொடுத்தல் எளிது. மாடிமனை தனியார் சொத்து, விலையுள்ளது. ஒன்றை விட்டுக்கொடுத்த அதே மாதத்தில் மற்றொன்றைக் காத்தமை, வீடற்றோர்க்கு அரசு வழங்க விரும்பியது எதன் மிச்சம் என்பதைத் தெளிவாக்குகிறது.

பெவன் எழுப்பிய தடையொன்று மட்டும் இன்றளவும் சிந்திக்கத்தக்கது. வீட்டுக்காகப் பல்லாயிரவர் வரிசையில் நிற்கின்றனர். அத்துமீறுபவர் வரிசையைத் தாண்டி முன்னே பாய்கின்றனர். பொறுத்திருப்பவருக்கு இது அநீதி என்றார் அவர். மாடிமனைகளைப் பொறுத்தவரையில் இவ்வாதம் ஓரளவு பொருந்தும். அவற்றைச் சபைகள் முறைப்படி பகிர்ந்தளித்திருக்கலாம். ஆனால் முகாம்களைப் பொறுத்தவரையில் வரிசையென்று ஒன்றிருக்கவேயில்லை. அவற்றை எவர்க்கும் பகிர்ந்தளிக்கும் திட்டம் அரசாங்கத்திடம் இல்லை. மக்கள் புகும்வரை அவை துருப்பிடித்தே கிடந்தன. புகுந்த பின்னர்தான் அவை வீடாகக்கூடும் என்பது அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரிந்தது. இதற்கொரு விலக்கும் கூறவேண்டும். தாயகம் திரும்ப விரும்பாத போலந்துப் படையினருக்கென ஒதுக்கப்பட்ட முகாம்கள் சிலவற்றிலும் ஆங்கிலேயக் குடும்பங்கள் புகுந்தன. அங்கே ஒரு வீடற்றவன் மற்றொரு வீடற்றவனின் இடத்தைப் பிடித்தான். போலந்து மக்களின் முகாம்களுட் சில 1960களின் பிற்பகுதிவரை நீடித்தன என்பதை நினைக்கும்போது, அவ்விருசாராருள் எவர் நிலை கொடியது என்று தீர்ப்பது எளிதன்று.

முகாம் வாழ்வின் சோதனை அவ்வாண்டின் மாரியிலேயே வந்தது. 1947ஆம் ஆண்டு தை முதல் பங்குனி வரை நிலவிய குளிர், அந்நூற்றாண்டின் கடுங்குளிர்களுள் ஒன்று. பனி மூடி இரயிற் பாதைகள் அடைபட்டன, நிலக்கரி கிடைக்கவில்லை. நெளிதகரத்தின் உட்புறம் நீர் வியர்த்து வழிந்தது. இக்காலத்தில் லங்காஷயர் முகாமொன்றைப் பார்வையிட்ட பத்திரிகையாளர் வியப்பான செய்தியொன்றைத் தந்தார். அங்கே இருவகைக் குடிகள் இருந்தனர்: தாமே முதலிற் புகுந்தோர் ஒருசாரார், பின்னர் சபையினால் முறைப்படி அனுப்பப்பட்டோர் மற்றொருசாரார். இருசாராரும் வாரம் 10 ஷிலிங் வாடகை கொடுத்தனர். சபை அனுப்பியவர்களின் கொட்டில்களே அறைகளாகத் தடுக்கப்பட்டு வசதி செய்யப்பட்டவை. ஆயினும் அவற்றிலிருந்தோர் சோர்வுற்றுக் குறைகூறிக் காத்திருந்தனர். தாமே புகுந்தோர் எவர் உதவியையும் எதிர்பாராது சீமெந்து குழைத்தும் செங்கல் அடுக்கியும் தம் கொட்டிலைத் திருத்திக்கொண்டிருந்தனர். ஒரு முகாமின் செய்தியைக் கொண்டு உலகப் பொதுவிதி வகுத்தலாகாது. சபை அனுப்பியோர் நோயாளரும் முதியோருமாய் இருந்திருக்கவும் கூடும். எனினும், தான் தேடிக்கொண்ட இடத்துக்கும் பிறர் காட்டிய இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அச்செய்தி ஒருவாறு உணர்த்துகிறது.

தற்காலிகம் என்னும் சொல்லைப் போல ஏமாற்றும் சொல் ஆட்சித்துறை அகராதியில் வேறில்லை. ஓராண்டுக்கு என்று ஏற்கப்பட்ட முகாம்கள் ஐந்தாண்டு, பத்தாண்டு எனத் தொடர்ந்தன. தற்காலிகம் என்பதனாற் கூரையைப் பழுதுபார்ப்பதிற் சபை பணம் செலவிடாது. பழுதுபாராமையாற் கொட்டில் இழிந்தது. கொட்டில் இழியவே அதில் வாழ்வோரும் இழிந்தோரெனப்பட்டனர். முகாம்ப் பிள்ளை என்பது பள்ளிக்கூடங்களில் வசைச்சொல்லாயிற்று. 1950களில் நிலையான வீடுகள் பெருகப் பெருகக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின; கையேற்கப்பட்ட நிலங்கள் உடையவரிடம் மீண்டன; கொட்டில்கள் பன்றிக்கும் வைக்கோலுக்கும் உறைவிடமாயின. முகாமை வீடாக்கிய மக்களால் முகாமின் நிலத்தைத் தமதாக்க இயலவில்லை. கொட்டில் கிடைத்தது, மண் கிடைக்கவில்லை.

மண்ணும் சேர்ந்து கிடைத்தவிடத்து விளைவு எவ்வாறு வேறுபடும் என்பதை அறிய, அதே ஆண்டுகளில் அதே பிரித்தானியப் படை பாரத நாட்டில் விட்டுச்சென்ற பாசறையொன்றை நோக்கலாம். பம்பாய்க்கு அண்மையிலுள்ள கல்யாண் நகரின் அருகே, யுத்தகாலத்திற் படைவீரர் தங்கிச் செல்வதற்கென ஒரு பெரும் முகாம் அமைக்கப்பட்டிருந்தது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வெளியேறிய இந்துக்கள் பல்லாயிரக்கணக்கில் அங்குக் கொணர்ந்து விடப்பட்டனர். நீண்ட படைமனைகளின் கூடங்களைச் சாக்கினாலும் சேலையினாலும் மறைத்துப் பல குடும்பங்கள் பங்கிட்டு வாழ்ந்தன. 1949ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி, அப்பொழுது இந்தியாவின் மகாதேசாதிபதியாயிருந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் அவ்விடத்தில் ஒரு நகருக்கு அடிக்கல் நாட்டினார். அருகில் ஓடும் உல்ஹாஸ் நதியின் பெயரால் அது உல்ஹாஸ்நகர் எனப்பட்டது. முகாம் என்பது நகராகிவிட்டது என்று அரசாங்கமே அறிவித்த செயல் அது. 1954ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இடம்பெயர்ந்தோர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, குடியிருந்தோர் தம் பகுதிகளை உடைமையாகப் பெற வழி பிறந்தது. 1951இல் 80,000 மக்களைக் கொண்டிருந்த அந்நகர் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து இலட்சத்தைக் கடந்தது. சிந்தியரின் வணிக ஊக்கமே இதற்குக் காரணமென்பர். ஊக்கம் ஓரளவே, தன் மண் என்னும் உறுதியின்றி எவரும் தறியையோ கடையையோ நிறுவார். இன்றும் அந்நகரின் பகுதிகள் முதலாம் முகாம், இரண்டாம் முகாம் என எண்களாலேயே வழங்குகின்றன.

படை நீங்கிய நிலத்தில் வீடற்றோர்க்கு முன்னுரிமை உண்டு என்பது ஒரு சட்டவிதியாக எழுத்திற் பதிந்தது நெடுங்காலத்தின் பின்னரே. அதுவும் பிறிதொரு நாட்டில். ஐக்கிய அமெரிக்காவிலே 1987ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மெக்கினி சட்டத்தின் ஐந்தாம் பாகம், மத்திய அரசாங்கத்துக்கு வேண்டாத நிலங்களும் கட்டடங்களும் ஏற்றனவாயின், முதலில் வீடற்றோர்க்கு உதவும் நிறுவனங்களுக்கு அளிக்க முன்வரப்படவேண்டும் என்று விதித்தது. ரஷ்யாவுடன் நிலவிய பனிப்போர் தணிந்து படைத்தளங்கள் பல மூடப்பட்டபோது, 1994இல் அத்தளங்களுக்கெனத் தனிச் சட்டமும் வந்தது. அதன்படி ஒவ்வொரு தளத்தையும் மறுசீரமைக்கும் உள்ளூர்க் குழு, ஊரின் பிற தேவைகளோடு வீடற்றோரின் தேவையையும் எடைபோட வேண்டியதாயிற்று. சான்பிரான்சிஸ்கோ குடாவின் கரையிலே 1997இல் மூடப்பட்ட அலமீடா கடற்படை விமானத்தளத்தில், படையினர் குடும்பங்கள் வாழ்ந்த மனைகளுள் ஏறத்தாழ 200 வீடற்றோரின் குடியிருப்பாயின. முன்னுரிமை என்பது நடைமுறையில் எடைபோடுதலாகச் சுருங்கியதை இச்சட்டங்களின் போக்கிற் காணலாம். நிலத்தின் விலை ஏறிய இடங்களில் எடைத்தட்டு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்தானியாவிற் சட்டம் இருவேறு திசைகளிற் சென்றது. வீடற்றவர்களுட் குறித்த வகையினருக்கு இருப்பிடம் தேடிக்கொடுத்தல் உள்ளூர்ச் சபையின் கடமை என 1977ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. குடியிருப்புக் கட்டடங்களில் அத்துமீறி வாழ்தல் 2012ஆம் ஆண்டு தொடக்கம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது.

ஆயிரம் முகாம்களுட் பெரும்பாலானவற்றின் தடம் அழிந்துவிட்டது. அழியாமல் வேறுருக் கொண்டவற்றுள் ஒன்று ஒக்ஸ்போட்டின் தெற்கே தேம்ஸ் நதிப் பள்ளத்தாக்கில் உள்ளது. மௌண்ட் பாம் என்னும் அவ்விமானத்தளத்திலிருந்து யுத்தகாலத்தில் அமெரிக்க வேவு விமானங்கள் பறந்து சென்று ஜெர்மனியின் மீது நிழற்படம் பிடித்து மீண்டன. யுத்தம் முடிந்தபின் அதன் கொட்டில்களில் வீடற்றோர் புகுந்தனர். மற்றைய முகாம்களிற் போல இங்கும் ஆண்டுகள் நீண்டன. ஆனால் இங்கே அம்மக்களைப் பல திசைகளுக்கும் சிதறவிடாது, 1950களின் இறுதி தொடக்கம் 1960களினூடாக அவ்விடத்திலேயே ஒரு புதுக் கிராமம் கட்டப்பட்டது. ஏழாம் நூற்றாண்டிலே அயலூராகிய டோர்செஸ்ரரில் வெசெக்ஸ் மன்னனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிரினஸ் என்னும் குருவின் பெயரைத் தழுவி அதற்குப் பெரின்ஸ்பீல்ட் என்று பெயரிட்டனர். புதிய கிராமத்துக்குப் பழைய பெயர் வேண்டியிருந்தது போலும். கொட்டிலிற் பிறந்த பிள்ளைகள் அங்கே செங்கல் வீட்டில் வளர்ந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,800 பேர் அங்கு வாழ்ந்தனர். விமானங்கள் ஓடிய பாதைகள் பெயர்க்கப்பட்டு, அவற்றின் கீழிருந்த சரளை அகழப்பட்டது; அகழ்ந்த பள்ளங்களில் இப்பொழுது நீர் நிற்கின்றது.